ஒரு பொம்பளை குறையுது

வேட்புமனு கொடுக்க இன்னும் ஆறே நாட்கள் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், தலைநகர்த் தமிழர் விழிப்பு முன்னணியின் அமைப்பாளர் பாலகணேஷ் கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்து, கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் நாகேஸ்வரியின் வீட்டு மணியை அடித்தார். பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கையில் கோப்பு. மற்றவர் கையில் மாலை. மாலை யாருக்கு என்று அப்போது முடிவாகியிருக்கவில்லை.

"வணக்கம்ங்க. கட்சிக்கு ஒரு பொம்பளை குறையுது," என்றார் பாலகணேஷ்.

நாகேஸ்வரி கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் இடைவெளியால் பார்த்தாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பக்கத்துப் பெருந்தெருவான காலி வீதியில் ஒரு மருந்துக் கடையில் இருபது வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். அது இல்லையா, இது முடிந்துவிட்டதா என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய்தான். ஆனாலும் இதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். மாநகர சபைத் தேர்தலுக்குக் கொடுக்கிற பட்டியலில் காற்பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்கவேண்டும் என்பது சட்டம். குறைந்தால் பட்டியல் முழுவதையும் தள்ளிவிடுவார்கள். முன்னணியும் பாடுபட்டுப் பெண்களைத் திரட்டியிருந்தது. தலைவரின் மனைவி, மனைவியின் தங்கை, செயற்குழுவினரின் மருமக்கள் என்று தியாகத்துக்குத் தயாரான குடும்பங்கள் முன்வந்திருந்தன. புதன்கிழமை அவர்களில் ஒருவருக்குக் கனடா விசா கிடைத்துவிட்டது. கட்சி அவரை வாழ்த்தி ஓர் அறிக்கை விட்டது. அதன் பிறகுதான் தலைகளை எண்ணிப் பார்த்தது.

"அதுக்கு ஏன் என்னைத் தேடி வந்தனீங்கள்?"

"நீங்க பேப்பருக்கு எழுதினீங்களே, அந்தக் கான் மூடி விஷயம். சமூக அக்கறை உள்ள பொம்பளைன்னு தலைவர் அடையாளம் கண்டுட்டார்."

எழுதியது உண்மை. ஒழுங்கை முகப்பில் இருந்த வடிகாலான கானின் இரும்பு மூடியை யாரோ கழற்றிக்கொண்டு போய் ஒரு வருடமாகிறது. கார்த்திகை மழையில் ஒழுங்கை முழுக்கத் தண்ணீர் நின்ற ஒரு நாள், மேல்மாடியில் இருக்கும் டோரின் தேவாலயப் பூசைக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது, குழி இருப்பது தெரியாமல் அதற்குள் காலை வைத்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்து இன்றுவரை படுக்கை. நாகேஸ்வரி பதினான்கு கடிதம் எழுதினாள். ஓர் அரசாங்கக் கந்தோர், அது மற்றக் கந்தோரின் கான் என்றது. மற்றக் கந்தோர், கான் எங்களுடையதுதான், மூடி எங்களுடையது அல்ல என்றது. பதினைந்தாவது கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பினாள்.

"அடையாள அட்டை இருக்குங்களா?"

இடைவெளியால் நீட்டினாள். கோப்புக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்த நாட்டில் பெண்ணின் அட்டை இலக்கத்தில் பிறந்த நாளோடு ஐந்நூறைக் கூட்டிப் போடுவார்கள்.

"கூட்டியிருக்கு," என்றார் அவர்.

மூவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. மாலையை இடைவெளியால் உள்ளே விட்டு அவள் கழுத்தில் போட்டு ஒரு படமும் எடுத்தார்கள். சங்கிலி கழற்றப்படாததால் பாதி மாலை வெளியிலேயே தொங்கியது.

அவர்கள் போன பிறகு மகள் சிவானி அறையிலிருந்து வந்தாள். அவள் ஒரு கணினிக் கம்பனியில் வேலை செய்கிறாள். தகப்பன் இறந்த பிறகு அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

"அம்மா, நீங்கள் சேரப் போறீங்களா?"

அந்தச் சொல் நாகேஸ்வரியின் குடும்பத்தில் லேசான சொல் அல்ல. அவளுக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது, யாழ்ப்பாணத்தில், அவளுடைய அண்ணன் குகநேசன் ஒருநாள் காலை ரியூசனுக்குப் போகிறேன் என்று போனவன் வரவில்லை. "சேர்ந்திட்டான்," என்றாள் அம்மா. எதில் என்று யாரும் கேட்கவில்லை. படிவம் இல்லை, கையெழுத்து இல்லை, அடையாள அட்டையை யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும் இல்லை. அடுத்த வருடம் அவன் சேர்ந்த ஆயுத இயக்கத்தை இன்னொரு இயக்கம் இல்லாமலாக்கியது. அவன் திரும்பி வரவில்லை. அதன் பிறகு அந்தக் குடும்பத்தில் எவரும் எதிலும் சேரவில்லை. நாகேஸ்வரி வாசிகசாலையில்கூட உறுப்பினர் அட்டை எடுத்ததில்லை.

"தெரியேல்லை பிள்ளை," என்றாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் மேலே போய் டோரினிடம் சொன்னாள். டோரின் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், ஓய்வுபெற்ற தட்டெழுத்தாளர். படுக்கையில் கிடந்தாலும் வாய் படுக்கவில்லை.

"அவங்களுக்கு ஒரு பொம்பள வேணும். நமக்கு ஒரு மூடி வேணும். போய் என்னா சொல்றாங்கன்னு கேட்டுட்டு வா புள்ள. மழை தொடங்கினா இன்னொரு ஆள் விழும். பிறகு என் பக்கத்துல இன்னொரு கட்டில் போடணும். இங்க எடம் இல்ல."

அவள் சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு, திரும்பிப் படுக்க நாகேஸ்வரியின் கையைப் பிடித்தபோது, பல்லைக் கடித்துக்கொண்டாள். கீழே வருகையில் நாகேஸ்வரி பாதி முடிவு எடுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டாஞ்சேனையில் இரும்புக் கடை ஒன்றின் மேல்மாடியில் முன்னணியின் உயர்பீடம் கூடியது. நிகழ்ச்சி நிரலில் முதலாவது விடயம்: பெண்களுக்கு உரிய இடத்தை வழங்குதல். மேசையைச் சுற்றிப் பதினொரு கதிரை, பதினொரு பேர். நாகேஸ்வரிக்குக் கதவோரமாக ஒரு பிளாஸ்ரிக் கதிரை கொண்டுவந்து போட்டார்கள். விடயம் நிறைவேறியதாகக் குறிப்பில் எழுதப்பட்டது.

இரண்டாவது விடயம், அவளை எப்படி அழைப்பது. அம்மா என்று அழைக்கலாம் என்றார் ஒருவர். தலைவர் அவளைவிட மூத்தவர் என்பதால் அது சரிவராது என்றார் இன்னொருவர். தோழர் என்றால் இடதுசாரிகள் என்று நினைப்பார்கள். தோழி என்றால் தன் வீட்டில் பிரச்சினை வரும் என்று இருவர் எழுந்து நின்றே சொன்னார்கள். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு வாக்கெடுப்பில் சகோதரி வென்றது. ஏழு பேர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு, இருவர் நடுநிலை. அவளுக்குப் பெயர் ஒன்று இருக்கிறது என்பது விவாதத்தில் வரவில்லை.

பிறகு தலைவர் வெங்கடேஸ்வரன் பேசினார். புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்கிறவர். வெள்ளை உடுப்பு, கனத்த குரல்.

"சகோதரி, நம்ம முன்னணி பெண்களை மதிக்கிற முன்னணி. பதினாறு வருஷமா இங்க மகளிர் அணி இயங்குது. அதுக்குத் தலைவர் யாருன்னு நெனைக்கிறீங்க? நம்ம பாலகணேஷ்தான்! வேற வழியில்ல, ஒரு பொம்பளையும் வரல. அவரும் மனம் கோணாம அந்தப் பாரத்தைச் சுமக்கிறாரு."

பாலகணேஷ் அடக்கமாகத் தலையைக் குனிந்தார்.

"ஒரு பொம்பிளை வந்து கேட்டால் குடுப்பீங்களோ?" என்று நாகேஸ்வரி கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பித்தான் கேட்டாள்.

"கேட்டிருக்காங்களே! மூணு பேர் கேட்டிருக்காங்க. கேட்ட உடனேயே அவங்களுக்குப் பதவி ஆசை இருக்குன்னு வெளிச்சமாயிடுச்சு. பதவி ஆசை உள்ளவங்களுக்குப் பதவி குடுக்கிறதில்லைங்கிறது நம்ம கொள்கை."

பதினொரு பேரும் மேசையில் தட்டினார்கள். எட்டு வருடமாகத் தலைவராக இருப்பவரும் தட்டினார்.

"கான் மூடியைப் பற்றி..." என்று தொடங்கினாள்.

"மூடியை விடுங்க சகோதரி. மூடியைக் கேட்டோம்னு வைங்க, குடுத்துடுவான். குடுத்துட்டா அடுத்த தேர்தல்ல எதைப் பேசுறது? நாம உரிமையைக் கேக்கணும். உரிமையை யாரும் லேசுல குடுக்க மாட்டான்."

நாகேஸ்வரிக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் அவ்வளவு பேர் அவ்வளவு உறுதியாகத் தலையாட்டும்போது, தனக்குத்தான் ஏதோ விளங்கவில்லை என்று நினைத்தாள். கடிதம் எழுதியும் ஒன்றும் நடக்காத ஆளுக்கு, எழுதாமலே பேசத் தெரிந்தவர்களைக் கண்டால் கொஞ்சம் மரியாதை வருகிறது.

கூட்டம் கலைய, கட்சியின் சட்டத்தரணி அபிஷன் அவளை மூலையிலிருந்த மேசைக்குக் கூட்டிப்போனான். முப்பது வயதிருக்கும், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பண்பாகக் கதைத்தான். முன்னால் பதினொரு பக்கப் படிவம் ஒன்றையும் தட்டெழுத்தில் ஒரு கடிதத்தையும் வைத்தான்.

"அன்ரி, இது உறுப்புரிமைப் படிவம். இது உங்கட ராஜினாமாக் கடிதம்."

"நான் இன்னும் சேரேல்லையே தம்பி."

"ஓம், ரெண்டையும் ஒண்டாத்தான் வாங்கிறது. திகதியை மட்டும் வெறுமையா விடுங்கோ. நீங்கள் வெண்டு, தலைவற்ற மருமகள் லண்டனால வந்திட்டா எண்டால், திகதியை நாங்கள் போட்டுக் கொள்ளுவம். பொம்பிளை வேட்பாளர்கள் எல்லாரும் தந்தவை."

"ஆம்பிளையள்?"

"அவையிட்டக் கேட்டால் சண்டை பிடிப்பினம் அன்ரி," என்றான் அபிஷன். அவன் முகத்தில் கொஞ்சம் வெட்கம் தெரிந்தது.

அவள் கடிதத்தை ஒரு பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் படிவத்தைப் புரட்டினாள். ஏழாம் பக்கத்தில், குடும்பத்தில் எவரேனும் முன்னர் ஏதேனும் இயக்கத்தில் சேர்ந்திருந்தாரா என்று இருந்தது. பேனையை எடுத்தவள் அதிலேயே நின்றுவிட்டாள். பொய் எழுதத் தெரியாது. அண்ணன் என்று எழுதினாள். எழுதியதை எட்டிப் பார்த்த பாலகணேஷ் தலைவரைக் கூப்பிட்டார். தலைவர் மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிடத்துக்குள் அவளுடைய கதிரை மேசையின் நடுவுக்கு வந்துவிட்டது.

"தியாகக் குடும்பம்!" என்றார் தலைவர். "இதை ஏன் சகோதரி மொதல்லயே சொல்லல? படம் இருக்கா? எந்த இயக்கம்?"

நாகேஸ்வரி சொன்னாள்.

எல்லோருடைய முகமும் சுருங்கியது. அழிக்கப்பட்ட இயக்கம் அது. யாருக்கும் பயன்படாத இயக்கம்.

"மற்ற இயக்கம்னு போட்டுடலாமா?" என்று பாலகணேஷ் மெல்லக் கேட்டார்.

"அவை தானே அண்ணாவை..." என்றாள் நாகேஸ்வரி.

அபிஷன் இடையில் புகுந்தான். "பொதுவா இயக்கம் எண்டு மட்டும் போடுவம். வாசிக்கிற ஆள் தனக்கு விருப்பமானதை நினைச்சுக் கொள்ளட்டும்."

"அது சரி," என்றார் தலைவர். "ஆனா சிங்களப் போஸ்டர்ல அது வேணாம். வீதி விபத்துல அண்ணனைப் பறிகுடுத்த சகோதரின்னு போடுங்க. கான் மூடியோடவும் பொருந்தும்."

நாகேஸ்வரி எழுந்தாள். படிவத்திலும் கடிதத்திலும் கையெழுத்து வைக்கவில்லை. அண்ணனின் படம் தரமாட்டேன் என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். படிகளில் இறங்கும்போது அபிஷன் பின்னால் வந்து, "நீங்கள் படத்தைப் பற்றி யோசியாதேங்கோ, அதை நாங்கள் பாத்துக் கொள்ளுறம்," என்றான். விட்டுவிடுகிறோம் என்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மூன்று நாளும் அவளுக்கு நிம்மதி இல்லை. மருந்துக் கடையில் ஒரு நோயாளிக்குக் கொடுக்கவேண்டிய குளிசையை மற்றவருக்குக் கட்டி, கடைசி நேரத்தில் கண்டுபிடித்தாள். இருபது வருடத்தில் அப்படி நடந்ததில்லை. மேல்மாடியிலிருந்து டோரினை இறக்கிச் சிகிச்சைக்குக் கொண்டுபோவதற்கே நான்கு பேர் வேண்டும். ஒரு சபையில் ஒரு கதிரை இருந்தால், ஒரு தடவையாவது எழுந்து அந்தக் கானைப் பற்றிக் கேட்கலாம். ஒரு கேள்விக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

"அவங்கள் உங்களைப் பாவிக்கப் போறாங்கள் அம்மா," என்றாள் சிவானி.

"தெரியும். சும்மா இருந்தாலும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே. நாற்பது வருசம் சும்மா இருந்து பாத்திட்டன்."



புதன்கிழமை அவள் அபிஷனுக்குப் போன் எடுத்தாள். ராஜினாமாக் கடிதம் தரமாட்டேன், அண்ணனின் பெயரைப் போடக்கூடாது, கான் மூடி போஸ்டரில் வரவேண்டும்; சம்மதம் என்றால் நாளைக்கு வந்து வேட்பாளர் பத்திரத்தில் கையெழுத்து வைக்கிறேன், உறுப்புரிமைப் படிவத்தைப் பிறகு பார்ப்போம் என்றாள். அபிஷன் போனைப் பொத்திப் பிடித்துக்கொண்டு யாரிடமோ கதைத்தான். எல்லாவற்றுக்கும் சம்மதம் என்றான். எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் சம்மதித்தது அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு மாவட்டச் செயலகமான கச்சேரி வளாகம் திருவிழா மாதிரி இருந்தது. பன்னிரண்டு மணிக்கு வாசற்கதவை மூடுவார்கள். ஒவ்வொரு கட்சியும் தன் பெண்களைத் தனித்தனியாக மரநிழலில் இருத்தி, காணாமல் போய்விடாதபடி ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்னணியின் பட்டியலில் எல்லோரும் கையெழுத்து வைத்தாயிற்று. ஒரு இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. கையெழுத்துகளை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் ஒருவர் முத்திரையைக் கையில் எடுத்தபடி மேசையில் காத்திருந்தார்.

நாகேஸ்வரி மேசைக்குப் பக்கத்தில் போகையில் போன் அடித்தது. தெரியாத இலக்கம். எடுத்தாள்.

"பிள்ளை, நாகேஸ்வரியோ?" வயதான பெண்குரல், வன்னிப் பக்கத்துப் பேச்சு. "நான் மாங்குளத்திலயிருந்து கதைக்கிறன். கமலாவதி. பக்கத்து வீட்டுப் பெட்டை போனில உங்கட நோட்டீசைக் காட்டினவள். அதில நம்பர் போட்டிருந்தது. பிள்ளை, என்ர மகனை நீங்கள் எப்ப கண்டனீங்கள்?"

"ஆரை அம்மா?"

"நோட்டீசில உங்களுக்குப் பக்கத்தில நிக்கிறவர். தனுஷன். அண்ணனின் கனவைச் சுமக்கும் தங்கை எண்டு போட்டிருக்கு. அவர் உங்களைத் தங்கச்சி எண்டு சொன்னவரோ? உங்களோட இருந்தவரோ? கடைசிச் சண்டைக்குப் பிறகு நாங்கள் காணேல்லை பிள்ளை."

நாகேஸ்வரி போனைக் காதில் பிடித்தபடி அபிஷனைப் பார்த்தாள். அவன் கையில் போஸ்டர் கட்டு ஒன்று இருந்தது. ஒன்றை இழுத்து விரித்தாள். ஒரு பக்கம் மாலையோடு அவளுடைய முகம். மறுபக்கம் இருபது, இருபத்தொரு வயதில் ஒரு பெடியன். சுருட்டை முடி, நெற்றியில் சந்தனம். அவள் வாழ்நாளில் கண்டிராத முகம். கான் மூடி கீழே ஒரு மூலையில், தேடினால் தெரிகிற எழுத்தில் இருந்தது.

போனைக் கையால் மூடிக்கொண்டு, "இது ஆர்?" என்று கேட்டாள்.

"அது... கந்தோரில ஒரு பிஸ்கட் பெட்டி இருக்கு அன்ரி. முந்தி காணாமல் போனவைக்காக நடந்த ஒரு ஆர்ப்பாட்டத்துக்கு வாங்கின படங்கள். நீங்கள் உங்கட அண்ணாவைத் தரமாட்டன் எண்டபடியால்..." அபிஷனின் குரல் தேய்ந்தது.

"முகம் நல்லா இருந்துச்சு," என்றார் பாலகணேஷ். "யாருக்குத் தெரியப் போகுது? கையெழுத்தைப் போடுங்க சகோதரி, இருபது நிமிஷம்தான் இருக்கு."

அவள் பேனையை வாங்கவில்லை. போனோடு நடந்துபோய் ஒரு மரத்தடிச் சீமெந்துக் கட்டின்மேல் உட்கார்ந்தாள். அந்தத் தாய் சொல்லிக்கொண்டே இருந்தாள். தனுஷனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, உடம்பு தடிக்கும், யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லி வைக்க வேண்டும். போகும்போது போட்டிருந்தது நீல நிறச் சேட், அதில் ஒரு பொத்தான் வேறு நிறம். அவளே தைத்தது. நாகேஸ்வரிக்கு இடையில் ஒரு சொல் சொல்ல இடம் கிடைக்கவில்லை.

"அன்ரி, பத்து நிமிசம்!" அபிஷன் ஓடி வந்தான். அவள் கையைத் தூக்கிப் பொறு என்று காட்டினாள்.

பாலகணேஷ் வந்தார். தலைவர் வெங்கடேஸ்வரனும், எட்டு வருடத்தில் முதல்முறையாக, ஒரு பெண் இருக்குமிடத்துக்குத் தானே நடந்து வந்தார். "அம்மா, தாயே, ஒரு கையெழுத்து," என்றார். உயர்பீடம் வாக்கெடுத்துத் தள்ளிவிட்ட சொல் அது. அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இல்லை அம்மா," என்று கடைசியில் போனில் சொன்னாள். "நான் உங்கட மகனைக் கண்டதில்லை. எனக்கு அவரைத் தெரியாது. கட்சிக்காரர் எனக்குச் சொல்லாமல் அவற்ற படத்தைப் போட்டிட்டினம். என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

அந்தத் தாய் போனை வெட்டிவிட்டாள் என்று நாகேஸ்வரி நினைத்தாள். அப்போது வாசற்கதவை இழுத்து மூடுகிற ஓசை கேட்டது. பொலிஸ்காரர் கொளுக்கியைப் போட்டார்.

"அப்ப அந்தப் படம் அவையிட்ட இருக்கோ?" என்றாள் கமலாவதி. "பத்து வருசத்துக்கு முன்னம் எங்களைக் கொழும்புக்கு பஸ்ஸில ஏத்திக்கொண்டு போய், பெரிசாக்கித் தாறம் எண்டு வாங்கினவை. திருப்பித் தரேல்லை. எனக்கிட்ட வேற படம் இல்லை பிள்ளை. அது ஒண்டுதான்."

ஒரு பெண் குறைந்த பட்டியல் தள்ளுபடியானது. தலைவர் அங்கேயே பத்திரிகையாளர்களைக் கூட்டிப் பேசினார். "இந்த நாட்டுப் பெண்கள் அரசியலுக்கு இன்னும் தயாராகவில்லை. இதை இன்று நமது முன்னணி தன் சொந்த முயற்சியால் நிரூபித்திருக்கிறது," என்றார். மகளிர் அணித் தலைவர் என்ற முறையில் பாலகணேஷ் பெண்கள் சார்பாகக் கண்கலங்கினார்.

அன்று இரவு சிவானி தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். டோரின் முழுக் கதையையும் படுத்தபடி கேட்டாள். "மூடி கெடக்கட்டும் புள்ள," என்றாள். "அந்தப் படத்த வாங்கிக் குடு."

சனிக்கிழமை நாகேஸ்வரி மறுபடியும் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். உயர்பீடத்தில் பாதிப் பேர் இருந்தார்கள். மற்றப் பாதிப் பேர் முதல்நாள் பிரிந்துபோய் வேறொரு முன்னணி தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கும் பெண்கள் தேவைப்பட்டார்கள்.

"எதுக்கு வந்தீங்க?" என்றார் பாலகணேஷ். "உங்களக் கட்சியவிட்டு நீக்குறதுன்னு தீர்மானம் எடுத்தாச்சு."

"நான் சேரவே இல்லையே."

"அதான் சிக்கல். சேராத ஆள நீக்க முடியாதாம், அபிஷன் சொல்றாரு. சேர்த்துட்டுத்தான் நீக்கணுமாம். அதுவரைக்கும் நம்ம தீர்மானம் சும்மா நிக்குது."

நாகேஸ்வரி தான் வந்த காரணத்தைச் சொன்னாள். பாலகணேஷ் தலையாட்டினார். கட்சி ஆவணங்கள் உறுப்பினர் அல்லாத எவருக்கும் வழங்கப்படமாட்டா என்று கட்சியின் சட்டவிதியான யாப்பில் இருந்தது. அவரே முன்மொழிந்த பிரிவு.

அவள் அந்தப் பதினொரு பக்கப் படிவத்தைக் கேட்டாள். யாரும் மாலை போடவில்லை. கதவோரக் கதிரையில் இருந்து முதற்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். ஏழாம் பக்கத்தில் பேனை நின்றது, பிறகு நகர்ந்தது. அண்ணனின் பெயரையும், அவன் சேர்ந்த இயக்கத்தின் பெயரையும், முழுதாக, வெட்டுக்கொத்து இல்லாமல் எழுதினாள். கையெழுத்து வைத்தாள். பாலகணேஷ் முத்திரை குத்தினார். ஐம்பத்திரண்டு வயதில் அவள் ஒன்றில் சேர்ந்தாள்.

"நீக்கற கூட்டம் எப்ப?"

"நாளைக்கு இல்ல, அடுத்த ஞாயித்துக்கிழமை."

"அப்ப எட்டு நாள் இருக்கு," என்றாள் நாகேஸ்வரி. "பெட்டியை எடுங்கோ."

பிஸ்கட் பெட்டி துருப்பிடித்திருந்தது. உள்ளே இருநூற்றுக்கு மேல் படங்கள். பிள்ளைகள், புருஷன்மார், ஒரு கலியாணச் சோடி, பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டியோடு ஒரு பெட்டை. யாருடையவை என்று எழுதிய ஒரு கடதாசியும் இல்லை. சிலவற்றின் பின்பக்கம் மட்டும் பென்சிலால் பெயரும் ஊரும் இருந்தன. ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி விண்ணப்பம் தேவை என்றார் பாலகணேஷ். சரி, இருநூறு விண்ணப்பத் தாள் தாருங்கள், இங்கேயே இருந்து எழுதுகிறேன் என்றாள். பதினேழாவது தாளில் பாலகணேஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தாறாவது தாளில் பெட்டியை மூடி அவள் கையில் வைத்து, முழுதாகக் கொண்டுபோகச் சொன்னார். அபிஷன் கீழே முச்சக்கரவண்டி வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதை இருக்கையில் வைத்துவிட்டு மேலே போய்விட்டான்.

அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறையில் நாகேஸ்வரியும் சிவானியும் பஸ் ஏறி மாங்குளத்துக்குப் போனார்கள். கமலாவதி சந்தியிலேயே காத்திருந்தாள். மெலிந்த, உயரமான பெண். படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கத்தில் தன் கையெழுத்தைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. சேலைத் தலைப்பால் படத்தின் மேலிருந்த துருத்தூளை மெல்லத் துடைத்தாள்.

"ஒரு கீறல்கூட இல்லை," என்றாள். "இவ்வளவு காலம் எவ்வளவு பத்திரமா வைச்சிருந்திருக்கினம். இஞ்ச எங்களிட்ட இருந்திருந்தால் வெள்ளத்தில போயிருக்கும்."

"அப்பிடி இல்லை அம்மா..." என்று நாகேஸ்வரி தொடங்கினாள்.

"உங்கட கட்சிக்கு என்ர நன்றியைச் சொல்லுங்கோ பிள்ளை. அவை இஞ்சால தேர்தல் கேட்டால் எங்கட வீட்டு வோட்டு அவைக்குத்தான். மற்றத் தாய்மாரிட்டயும் சொல்லுறன்."

சிவானி தாயின் முகத்தைப் பார்த்தாள். கமலாவதி படத்தை நெஞ்சோடு அணைத்தபடி பதிலுக்குக் காத்து நின்றாள். அவளுடைய முகத்தில் இருந்த நிறைவைக் கலைக்க நாகேஸ்வரிக்கு மனம் வரவில்லை.

"ஓம் அம்மா," என்றாள். "சொல்லுறன்."